ஜாம் படம் பிடிக்க ஒரு கேமரா

திலகம் அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் நான் கேமராவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஐம்பத்தேழு வயதில், முப்பத்தெட்டு வருடம் தேயிலை பிடித்த கையோடு, கேமரா வாங்கக் கிளம்பிய பெண் எங்கள் எஸ்டேட்டில் அவர் ஒருவர்தான். துணைக்குப் போன அறிவாளி நான். பெயர் மேவிஸ். மலேசியாவில் கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கிற எஸ்டேட் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். நாலு பாஷை பேசுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அது உடைந்த கதையும் இதிலேயே வருகிறது, வரட்டும்.

தோட்டத்து வரிசை வீடான லயனில் என் வீட்டுக்கு அடுத்த கதவு அக்காவுடையது. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். அந்த இரண்டும் பாதியில் நின்றுவிடும். பத்தொன்பது வயதில் கொழுந்து கிள்ள மலை ஏறியவர். முதலில் வெறும் விரல், பிறகு கத்திரி, இப்போது இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கிற மிசின். ஒரே மகள் சுபத்ரா ஜொகூரில் வேலை பார்க்கிறாள். புருசன் ராமையா அண்ணன் கொழுந்து லோரி ஓட்டினார்.

ராமையா அண்ணனுக்கு ஒரே பைத்தியம் வாட்ச். பிரிஞ்சாங் சந்தைக்குப் போனால் மற்றவர்கள் சோளமும் கீரையும் வாங்கி வருவார்கள். இவர் ஓடாத பழைய வாட்ச் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பத்து நாள் அதன் வயிற்றைக் குடைந்து ஓட வைத்துவிடுவார். ஒரு பிஸ்கட் டின்னில் பதினான்கு சேர்ந்தது. எல்லாம் சாவி கொடுக்கிற வாட்ச். விடிகாலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன் பதினான்குக்கும் சாவி கொடுத்து, ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்து "ம்" என்பார். அந்தப் பதினான்கு "ம்" என் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும். அப்போது அப்படி.

வாட்சைத் திறக்க ஊசி முனை மாதிரி ஓர் இடுக்கி வைத்திருந்தார். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. லயனில் யார் விரலில் தேயிலைக் குச்சியின் சிலாம்பு ஏறினாலும் நேரே அண்ணனிடம் வருவார்கள். "ஆட்டாத" என்பார், ஒரு நொடி, எடுத்துவிடுவார். எனக்கும் எடுத்திருக்கிறார். வலித்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்து கண்ணில் கை வைத்தது. ஓரம் தெரியும், நடு தெரியாது. எதிரே நிற்கிற ஆளின் காது தெரியும், மூக்கு தெரியாது. இனி போனது திரும்பாது என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார். முதல் வருடம் அண்ணன் தடவித் தடவிச் சாவி கொடுத்தார், 'ம்' மட்டும் வராது. இரண்டாம் வருடம் நிறுத்திவிட்டார். சிலாம்போடு வந்தவர்களை "கிளினிக்குக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார். அப்புறம் யாரும் வரவில்லை. அவரும் வாசலுக்கு வரவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, "சிங்காரத்துக்குப் போன் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம வந்து டின்னோட தூக்கிட்டுப் போவட்டும்" என்றார். சிங்காரம் கம்போங் ராஜாவில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்.

மறுநாள் மலையை விட்டு இறங்கிய கையோடு அக்கா என் கல்லாவுக்கு வந்து நின்றார். பூட்ஸில் சேறு. சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"டின்னு போச்சுன்னா அவரும் போயிருவாரு, மேவிசு" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. "கண்ணு தெரியாதவருக்கு வாட்ச் எதுக்குக்கா? மணி வேணும்னா போன்கிட்ட கேட்டா அதுவே வாயத் தொறந்து சொல்லுதே."

"மணி பாக்கவா வாட்ச்சு?"

அவர் கையில் ஒரு டம்ளர் தேநீரைக் கொடுத்தேன்.

அக்கா அன்று வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். "நேத்து டீவியில பந்து வெளையாட்டு. மேல மூலையில நிமிசம் ஓடும் பாரு, பெருசா? இவரு தலையச் சாச்சுக்கிட்டு, 'அறுவத்தேழு நிமிசமாச்சு, ஒரு கோலு இல்ல, என்னா வெளையாட்டுலா இது'ங்குறாரு. தெரிஞ்சிருக்கு மேவிசு! பெருசா இருந்தா தெரியுது. அப்ப வாட்ச்ச டீவி அளவுக்குப் பெருசாக்குனா?"

இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் இவருக்குள் இவ்வளவு மூளை ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

டின்னிலிருந்து ஒரு வாட்சை எடுத்து வந்திருந்தார். ஒன்று குறைந்தது அண்ணனுக்குத் தெரியவே இல்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அக்காவின் கண் கலங்கியது.

முதலில் என் போனில் எடுத்துப் பார்த்தோம். தூரத்தில் வைத்தால் வாட்ச் குட்டியாகத் தெரிந்தது. கிட்டே கொண்டுபோனால் ஒரே பனிமூட்டம். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் மூட்டமும் சேர்ந்து பெரிதானது. "கேமராதான்கா வாங்கணும்" என்று தீர்ப்புச் சொன்னேன். எந்தக் கேமரா என்று யார் கண்டது?

என் தம்பி டெஸ்மண்ட் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிறான். பூவைப் படம் பிடித்துப் போட்டுத்தான் விற்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"அக்கா, கிட்ட எடுக்கணும்னா மேக்ரோ லென்ஸ் வேணும்லா."

"மேக்ரோன்னா?"

"பெருசுன்னு அர்த்தம்."

"டேய், நான் சின்னச் சாமானத்தப் படம் எடுக்கக் கேக்குறேன்."

"சின்னதுக்குத்தான் பெருசு. நூறு எம்எம் வாங்குனா நல்லது. அம்பது எம்எம்னா ரொம்பக் கிட்டப் போகணும், நெழலு விழும்."

"நூறு எம்எம்னா பத்து சென்டிமீட்டர். அப்ப பத்து சென்டிமீட்டர் தள்ளி நின்னு எடுக்கணுமா?"

"அது வேற எம்எம்கா."

எம்எம்மில் கூட வேறு எம்எம் இருக்கிறதாம். பிறகு சென்சார் என்றான், ஸ்டாண்ட் என்றான், வாட்ச் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும், அதற்குத் துணி கட்டணும் என்றான். ஜூம் இருந்தால் போதாதா என்று கேட்டேன். ஜூம் என்பது தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருவது, மேக்ரோ என்பது கிட்டே இருப்பதை இன்னும் கிட்டே கொண்டுவருவது என்று விளக்கினான். கிட்டேதான் இருக்கிறதே, அதை இன்னும் எங்கே கொண்டுவருவது? தேவாலயத்தில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துப் படித்தால் எனக்கே தலை சுற்றியது. பக்கத்தில் அக்கா பொறுமையாக நின்றார். டம்ளரை நாலு விரலால் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, கேட்கவில்லையே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிஞ்சாங் போனோம். போனும் கேமராவும் விற்று, பழுதும் பார்க்கிற ஒரு சீனர் கடை. தவுக்கே, அதாவது முதலாளி, என்ன மொழி பேசுவாரோ என்று அக்கா தயங்க, "நீங்க சும்மா வாங்கக்கா, நான் பேசுறேன்" என்று முன்னால் போனேன். என் மலாய் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய மலாய்.

"ஜாம் படம் எடுக்கணும். ரொம்பக் கிட்டே" என்றேன் மலாயில். ஜாம் என்றால் மலாயில் கடிகாரம்.

தவுக்கே முகம் மலர்ந்தது. "ஜாமா! நிறையப் பேர் வாங்குகிறார்கள். விற்கவா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"எத்தனை வகை?"

"பதினான்கு."

"பதினான்கா!" என்று மரியாதையோடு பார்த்தார். "எவ்வளவு நாள் தாங்கும்?"

அக்காவிடம் கேட்டுச் சொன்னேன். "சிலது நாற்பது வருடம். இன்னும் நன்றாக இருக்கிறது."

தவுக்கே கல்லா மேசை மேல் சாய்ந்து கிட்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குலா எப்படி?" என்றார். குலா என்றால் சர்க்கரை. காப்பிக்கடையில் தினமும் சொல்கிற சொல், அக்காவுக்கும் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேவிசு, அவருக்கு இனிப்பு நீரு இருக்குறது இவருக்கு எப்புடிலா தெரியும்?"

எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஊர் முழுக்கப் பரவிவிட்டதோ என்று நினைத்து, "குலா அதிகம்தான், மருந்து சாப்பிடுகிறார்" என்றேன். தவுக்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

முதலில் நீள மூக்கு வைத்த கேமரா ஒன்றை எடுத்தார். நிலாவில் இருக்கிற பள்ளம்கூடத் தெரியுமாம். அக்கா உள்ளங்கையை நீட்டி, "இங்க இருக்குறது தெரியுமா?" என்றார். தெரியாதாம், நாலடி தள்ளி வைக்க வேண்டுமாம். நிலா தெரிகிறது, கை தெரியவில்லை என்றால் அது என்ன கேமரா? கடைசியில் வேறொரு சின்னக் கேமராவும், வெள்ளைத் துணிப் பெட்டியும், இரண்டு விளக்கும் சேர்த்து ஒரு செட் கொடுத்தார். டெஸ்மண்ட் சொன்ன துணி இதில் இருந்தது. ஸ்டாண்ட் இருந்தது. அப்போது சரிதானே என்று வாங்கிவிட்டோம்.

அண்ணனுக்குத் தெரியாமல் என் வீட்டில் வைத்துப் பிரித்தோம். துணிப் பெட்டிக்கு நடுவில் வாட்ச் அஞ்சு காசு மாதிரி கிடந்தது. கேமராவைக் கிட்டே தள்ளினால் பழைய மூட்டமே. மேலே, கீழே, சாய்த்து, படுத்துக்கொண்டு எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எனக்கு வந்ததே ஒரு கோபம், கேமராவைத் தூக்கி மலையில் எறிந்திருப்பேன். அப்போது அட்டைப்பெட்டிக்கு அடியிலிருந்து அக்கா ஒரு தாளை எடுத்தார். இலவசமாம். வட்ட வட்டமாக ஒட்டுத்தாள்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு ஸ்ட்ராபெர்ரி, கீழே மலாயில் 'வீட்டில் செய்தது'.

"வாட்ச்சுல எதுக்கு மேவிசு இத ஒட்டணும்?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையில் கட்டுகிற வாட்சுக்கு முழுப்பெயர் ஜாம் தாங்ஙான். தாங்ஙான் என்றால் கை. அந்தக் கையை நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு ஜாமை மட்டும் சொல்லியிருக்கிறேன். வேறு எந்த ஊரிலும் இது பிழைத்துப்போயிருக்கும். கடைக்குக் கடை ஸ்ட்ராபெர்ரி ஜாம் பாட்டிலை அடுக்கி வைத்திருக்கிற கேமரன் மலையில் போய்ச் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடம் கெடாத, பதினான்கு வகை ஜாம்! சர்க்கரை அதிகம், மருந்து சாப்பிடுகிற ஜாம்! ஐயோ ஆண்டவரே.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாள மறுநாளு சிங்காரம் வந்துருவாரு" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை அக்கா லீவு போட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் லீவு போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தவுக்கே கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உள்ளே இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. சிரித்து முடித்து, வாட்ச் என்றால் லென்ஸ் தனி, கேமரா தனி, கோலாலம்பூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று மறுபடியும் எம்எம் கணக்கு ஆரம்பித்தார். நூறா, தொண்ணூறா, அறுபதா? நான் தேவாலயத் தாளை விரித்தேன். அதில் நானே எழுதியது எனக்கே புரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அக்காவைக் காணோம்.

கடைக்குப் பின்பக்கம், போன் பழுது பார்க்கிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு கம்பியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு கேமராக் கண் தலைகீழாகத் தொங்கியது. அதற்குக் கீழே பிரித்துப்போட்ட போன். பக்கத்தில் ஒரு சின்ன டீவி. போனுக்குள் இருக்கிற கடுகளவு ஆணி டீவியில் உரல் மாதிரி தெரிந்தது. அக்கா யாரையும் கேட்கவில்லை. போனை மெதுவாகத் தள்ளிவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து வாட்சை எடுத்து அதற்குக் கீழே வைத்தார்.

டீவி நிறைய வாட்ச். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். விநாடி முள் டிக் டிக்கென்று குதித்தது. எனக்குத் தெரியாமலே அக்கா அதற்குச் சாவி கொடுத்துத்தான் எடுத்து வந்திருக்கிறார்.

"இதான்" என்றார் அக்கா.

அது விற்கிற சாமான் இல்லை, வேலைக்கு வைத்திருப்பது என்றார் தவுக்கே. அக்கா வாட்சை எடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை, அழவும் இல்லை, அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ. கடைசியில் தவுக்கே ஒயரைப் பிடுங்கி, கம்பியோடு சுருட்டி என் கையில் கொடுத்தார். "ஜாம் செட்டைத் திருப்பிக் கொடு. இதே மாதிரி புதுசு வரவழைக்கிறேன், வரும் வரைக்கும் இதை வைத்துக்கொள்" என்றார். ஒரு வாரம் எதை வைத்துப் பழுது பார்ப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம்.

நாலு மணிக்கு அக்கா வீட்டு டீவியில் ஒயரைச் செருகினோம். ராமையா அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குலா இந்தக் கூத்தெல்லாம்? போனது போச்சு."

"அண்ணே, சும்மா இந்தப் பக்கம் திரும்புங்க. நேத்தும் இன்னைக்கும் ஒங்களால நான் கடையில மானம் கெட்டு நிக்கிறேன்" என்றேன்.

திரும்பினார். கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு டீவிக்கு ஒரு முழம் கிட்டே போனார். வாய் லேசாகத் திறந்தது.

"அந்தக் கீறலு…" என்றார். "பன்னெண்டு கிட்ட. லோரிக் கதவுல அடிச்சது."

வாட்ச் வழுக்கி ஓரமாகப் போனது. அக்கா கையை நீட்டி அதைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். டீவியில் வாட்சுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கட்டைவிரல் வந்து நின்றது. நான் கடையில் சொல்லாமல் விட்ட தாங்ஙான். தேயிலைக் கறை கோடு கோடாக ஏறிய தோல். நகத்தின் பாதியிலிருந்து அடிவரைக்கும் தைத்த தழும்பு.

அண்ணன் வாட்சைப் பார்க்கவில்லை.

"இது யாரு கை?"

அக்கா வெடுக்கென்று கையை இழுத்தார்.

"இழுக்காத. வை."

வைத்தார்.

"இது எப்ப?"

"போன தீவாளிக்கு முன்ன. மிசின்ல."

"ஏன் சொல்லல?"

அக்கா கையை எடுக்காமலே முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். "சொன்னா பாக்கணும்பீங்க" என்றார்.

அந்த வீட்டில் எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. இரண்டு வருடமாக இந்த மனுசர் பெண்டாட்டியின் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நகத்தோரமா அது என்னா கறுப்பா?"

"சிலாம்பு. ரெண்டு வாரமா இருக்கு. எனக்கு வெள்ளெழுத்து, தெரிய மாட்டேங்குது."

"இடுக்கி எங்க?"

டின்னுக்கு அடியில் இருந்தது. டீவியைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்தினார். கை வலப்பக்கம் போனால் டீவியில் இடப்பக்கம் போனது. நாங்கள் அந்தச் சாமானைத் தலைகீழாக வைத்துவிட்டோம் போலிருக்கிறது. திருப்பி வைத்தோம். அப்போதும் அவருக்குப் பிடிபடவில்லை, இடுக்கி விரலைத் தாண்டிப் போய் மேசையில் குத்தியது. மழையும் பிடித்துக்கொண்டு வீடு இருண்டது. "நாளைக்கு, வெளிச்சத்துல" என்று இடுக்கியைத் துடைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வரும்போது சிங்காரத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் பையோடு கதவோரமாக நின்றார். உள்ளே டீவியில் அக்காவின் கட்டைவிரல். அதன் மேல் மண்வெட்டி அளவில் இடுக்கி முனை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, டின்ன எடுத்துக்கவா?" என்றார் சிங்காரம்.

"எந்த டின்னு? வெளிச்சத்த மறைக்காத, தள்ளி நில்லு." பிறகு அக்காவிடம், "ஆட்டாத."

அக்கா ஆட்டவில்லை. அவர் டீவியையும் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுக்கி மூடியது, நிமிர்ந்தது. அதன் முனையில் டீவி அளவுக்கு ஒரு விறகுக்கட்டை. கீழே பார்த்தால் எள்ளில் பாதிகூட இல்லை.

"ம்" என்றார் அண்ணன்.

அந்தச் சத்தத்தை நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வரவில்லை.

"வலிச்சுதா?"

"இல்ல" என்றார் அக்கா.

அண்ணன் தலையைச் சாய்த்து, கதவுப் பக்கம் என் காதைப் பார்த்தார். "மேவிசா அது? லயன்ல சொல்லு, யாரு கையிலயாவது சிலாம்பு இருந்தா வரச்சொல்லு."

நான் கையில் இருந்த பைபிளைச் சிங்காரத்திடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, சொல்லப் போனேன்.